அறுவை அரங்குக்குள் குழந்தையை அனுப்பும் பெற்றோருக்கு மருத்துவர் கடன்பட்டவை

குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்பவரிடம் முதலில் பார்க்க வேண்டியது கைத்திறன் அல்லவா, பரிவு என்பது இருந்தால் மகிழ்ச்சி தரும், இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒரு பண்புதானே, அதைப் பயிற்சியால் கற்பிக்கவும் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குப் பின்னால் இருக்கும் கவலை நியாயமானது. இனிமையாகப் பேசத் தெரிந்து தையல் போடத் தெரியாத ஒருவரிடம் யாரும் குழந்தையைக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. ஆயினும் குழந்தைகள் அறுவை சிகிச்சைத் துறையில் நீண்ட காலம் இருந்தவர்களில் ஒருவர் என்ற முறையில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு வேறு. இத்துறையில் பரிவு சிகிச்சைக்குள்ளேயே அடங்கியது. அது குறைந்தபோதெல்லாம் பெற்றோரின் மனத்தோடு சேர்ந்து குழந்தையின் உடலும் கெட்டிருக்கிறது. இதை நான் வெறும் நம்பிக்கையாகச் சொல்லவில்லை. இத்துறையின் வரலாறே அதற்குச் சான்று தருகிறது.

பச்சிளங்குழந்தைகளின் வலியை எடுத்துக்கொள்வோம். 1980களின் நடுப்பகுதி வரை, பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும், நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சைகள்கூட, தசைகளை அசையவிடாமல் நிறுத்தும் ஒரு மருந்தையும், லேசாக மயக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவையும் மட்டும் கொடுத்துச் செய்வது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. சில குழந்தைகளுக்கு அந்த வாயுகூடக் கிடைக்கவில்லை. அவர்களின் நரம்பு மண்டலம் இன்னும் முதிரவில்லை, ஆகவே வலி தெரியாது; தெரிந்தாலும் நினைவில் நிற்காது; வலுவான வலிநீக்கி கொடுத்தால் மூச்சும் இரத்த அழுத்தமும் குலைந்துவிடும் என்பவை அன்றைய காரணங்கள். கடைசிக் காரணத்துக்கு உண்மையான அடிப்படை இருந்தது. அன்றைய மருந்துகளும் கண்காணிப்புக் கருவிகளும் இன்றுள்ளவை போன்றவை அல்ல. முதல் இரண்டும் யாரும் சரியாகச் சோதித்துப் பார்க்காத அனுமானங்கள். அவற்றை நம்பியவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலோர் அந்தக் குழந்தைகளைப் பிழைக்கவைக்க இரவு பகலாக உழைத்தவர்கள்.

1985ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு இதயத்தின் அருகே மூடாமல் இருந்த இரத்தக் குழாயை அடைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. குழந்தை சில வாரங்களில் இறந்துபோனது. சிகிச்சையின்போது அசைவை நிறுத்தும் மருந்து மட்டுமே கொடுக்கப்பட்டது என்பதைத் தாய் பின்னர்தான் அறிந்தார். அவர் விடாமல் கேட்ட கேள்விகள் 1986இல் செய்தித்தாள்களை எட்டின. அதே காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதே வகை அறுவை சிகிச்சைக்கு வந்த குறைமாதக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான முறையோடு ஃபென்டனில் என்ற வலிநீக்கியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். 1987இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: வலிநீக்கி பெறாத குழந்தைகளின் இரத்தத்தில் அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன்கள் மிக அதிகமாக உயர்ந்தன, அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களிடமே கூடுதலாக இருந்தன. அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், பச்சிளங்குழந்தைகளுக்கும் உரிய மயக்க மருந்தும் வலிநீக்கமும் கொடுக்க வேண்டும் என்று அறிவித்தது.

இந்த வரலாற்றில் என்னை இன்றும் வருத்துவது ஒன்று உண்டு. ஊசி குத்தினால் குழந்தை முகத்தைச் சுளித்து, கையை இழுத்து, வீறிட்டு அழுவதைத் தாய்மாரும் செவிலியரும் தினமும் கண்டுகொண்டுதான் இருந்தார்கள். பார்த்ததைச் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். அதைச் செய்தியாக ஏற்கும் காது மருத்துவத்துக்கு அன்று இல்லை. எனவே அறிவு தாமதமானது. தாமதத்தின் விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள். பரிவை நான் சிகிச்சையின் உள்ளே வைத்துப் பேசுவதற்கு முதல் காரணம் இதுதான். நோயாளியால் பேச முடியாத ஒரு துறையில், அவருடைய உடல் சொல்வதைக் கூர்ந்து கவனிப்பதே நோயறிதலின் பெரும்பகுதி.

இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பதற்குச் சற்று முன்பு பச்சிளங்குழந்தையின் நாவில் சில துளி சர்க்கரைக் கரைசல் விடுவதும், தாய் மார்பில் அணைத்துப் பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே ஊசி போடுவதும் நிரூபிக்கப்பட்ட முறைகள். பேசத் தெரியாத குழந்தைக்கு முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்னும் ஐந்து கூறுகளைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் கொடுத்து, வலியைப் பத்துக்கு இத்தனை என்று குறிக்கும் அளவுகோல் பயன்பாட்டில் இருக்கிறது. சற்று வளர்ந்த பிள்ளை, சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரைந்த படத்தைப் பார்த்துத் தன் வலியைச் சுட்டிக்காட்டும். ஆனால் அளவுகோல் தாளில் இருந்தால் மட்டும் போதாது. வலி இருந்தால் கேளுங்கள், மருந்து தருகிறோம் என்று பெரியவர்களிடம் சொல்வதைப் போலக் குழந்தையிடம் சொல்ல முடியாது. கேட்டால் இன்னோர் ஊசி வரும் என்று பயந்து, பல பிள்ளைகள் வலியை விழுங்கிக்கொண்டு அசையாமல் படுத்திருப்பார்கள். அசையாமல் கிடக்கும் குழந்தையை அமைதியான குழந்தை என்று குறித்துவிட்டு நகர்வது எளிது. அதனால்தான் வலிநீக்கியைக் கேட்கும்போது என்றில்லாமல் நேரக் கணக்கில் கொடுக்க எழுதிவைப்பதும், மாலையில் மறுபடியும் வந்து அந்தக் குழந்தையைத் திரும்பிப் படுக்கச் சொல்லிப் பார்ப்பதும் அறுவை மருத்துவரின் வேலையாகிறது.

அமைதியைத் தவறாகப் படித்த கதை இன்னொன்றும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தையைப் பெற்றோர் வாரத்துக்கு ஒருமுறை சில மணி நேரம் மட்டும் பார்க்கலாம் என்பது பல நாடுகளில் விதியாக இருந்தது. தொற்று பரவும், பெற்றோர் வந்து போனால் குழந்தை மேலும் அழும் என்பவை காரணங்கள். இதற்கு எதிராகத் தொடக்கத்திலேயே பேசியவர் ஓர் அறுவை மருத்துவர் என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கிளாஸ்கோவில் பணியாற்றிய ஜேம்ஸ் நிக்கோல், பத்தாண்டுகளில் 8,988 குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பியதை 1909இல் அறிவித்தார். அவர்களில் கணிசமானோர் மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள். வார்டுக் கட்டிலில் தனியே கிடப்பதைவிடத் தாயின் கையில் இருக்கும் குழந்தைதான் தையலைக் கெடுக்காமல் அமைதியாக இருக்கும், பாலும் கிடைக்கும் என்பது அவருடைய வாதம். தாயும் சேயும் சேர்ந்து தங்க மருத்துவமனைக்கு அருகே ஒரு சிறு வீட்டையும் அவர் ஏற்படுத்தினார். இதில் உணர்ச்சிவசப்பட்ட சொல் ஒன்றுகூட இல்லை. காயம் நன்றாக ஆற வேண்டும் என்ற அறுவை மருத்துவரின் நோக்கமே அவரைத் தாயிடம் கொண்டு சேர்த்தது.

ஆயினும் பொதுவான மாற்றம் வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற மனநல சமூகப் பணியாளர், தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாட்கள் லண்டன் மருத்துவமனை ஒன்றில் தங்கிய இரண்டு வயதுப் பெண்குழந்தையைப் படம் பிடித்து மருத்துவர்களுக்குக் காட்டினார். முதலில் எதிர்ப்பு, பின்பு சோர்வு, அதற்கும் பின்பு தாய் வந்தாலும் முகம் திருப்பிக்கொள்ளும் ஒட்டாமை என்று, பிரிக்கப்பட்ட குழந்தைகள் கடந்துபோகும் நிலைகளை அவர் விவரித்தார். வார்டில் பழகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைந்த கட்டம், உண்மையில் அந்தக் குழந்தை நம்பிக்கை இழந்த கட்டம். அதைப் பார்த்த பல மருத்துவர்கள் அன்று கோபப்பட்டார்கள். 1959இல் பிரிட்டனில் வெளியான பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு குழந்தைகளோடு தாய் தங்கலாம், குழந்தைகளைப் பெரியவர்களின் வார்டில் வைக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஹாரி பிளாட் ஓர் எலும்பு அறுவை மருத்துவர்.

இனி இன்றைய நடைமுறைக்கு வருகிறேன். பெற்றோர் முதன்முறையாக அறுவை மருத்துவர் முன்னால் அமரும் சந்திப்பைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் பின்னால் வரும் நம்பிக்கையும் பிணக்கும் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கின்றன. பிறவிக் குறையோடு பிறந்த குழந்தையின் தாய் மனத்தில் கேட்கப்படாத கேள்வி ஒன்று எப்போதும் இருக்கும்: கருவுற்றிருந்தபோது நான் செய்த எதனாலோ இப்படி ஆயிற்றா? உணவுக்குழாய் இணையாமல் பிறந்தாலும், ஆசனவாய் திறக்காமல் பிறந்தாலும், மேலுதடு பிளந்து பிறந்தாலும், பெரும்பாலான குழந்தைகளில் தனிப்பட்ட ஒரு செயலைக் காரணமாகக் காட்ட முடியாது. இதை அவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. உறவினர்கள் அறையில் இருக்கும்போதே, தந்தையும் பாட்டியும் காதில் வாங்கும்படி, இது தாயின் உணவாலோ வேலையாலோ பயணத்தாலோ வந்ததில்லை என்று மருத்துவர் சொல்லிவிட வேண்டும். அவர் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வாக்கியம், அந்தத் தாய் வீட்டுக்குத் திரும்பிய பின்பும் பல ஆண்டுகளுக்கு அவரைக் காக்கும். தாமதமாக வந்த பெற்றோரிடமும் இதே கவனம் தேவை. பித்தநாளம் அடைபட்ட குழந்தைக்குக் கசாய் என்ற அறுவையை அறுபது நாட்களுக்குள் செய்தால் பலன் கூடுதல் என்பது உண்மை. எழுபத்தைந்தாவது நாளில் வந்து நிற்பவரிடம் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பதால் ஒரு நாள்கூடத் திரும்பி வராது. அவர் அடுத்த முறை வரத் தயங்குவார் என்பது மட்டுமே நடக்கும்.

விளக்குவதில் ஒரு முறை இருக்கிறது. நின்றுகொண்டு ஐந்து நிமிடம் பேசுவதைவிட அமர்ந்து அதே ஐந்து நிமிடம் பேசுவது பெற்றோருக்கு நீண்ட நேரமாகப் படுகிறது. குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். வார்டில் பழகிப்போன, நோயின் பெயரால் கட்டிலைக் குறிக்கும் வழக்கம் பெற்றோரின் காதில் விழுந்தால் அது நெடுநாள் உறுத்தும். ஒரு தாளில் எளிய படம் வரைந்து, எங்கே வெட்டுகிறோம், எதை எதோடு சேர்க்கிறோம் என்று காட்டி, அந்தத் தாளை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும். அதிர்ச்சியில் இருப்பவர்கள் முதல் சில வாக்கியங்களுக்குப் பிறகு எதையும் பதிய வைத்துக்கொள்வதில்லை. அதனால் மறுநாள் மீண்டும் வந்து, நேற்று நான் சொன்னதில் உங்களுக்குப் புரிந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்பது அவர்களைச் சோதிப்பதற்காக இல்லை. நாம் சரியாகச் சொன்னோமா என்று பார்ப்பதற்காக. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது இதற்கெல்லாம் பிறகு வர வேண்டிய செயல்.

ஆபத்துகளை மறைப்பது பரிவாகாது. மயக்க மருந்து குழந்தையின் மூளையைப் பாதிக்குமா என்று இப்போது பல பெற்றோர் கேட்கிறார்கள். பயப்படாதீர்கள் என்று தோளைத் தட்டி அனுப்புவது அந்தக் கேள்விக்கு மரியாதை ஆகாது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ பலமுறையோ மயக்க மருந்து கொடுப்பது குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரிக்கை வெளியிட்டதையும், குடலிறக்க அறுவைக்கு வந்த கைக்குழந்தைகளைப் பல நாடுகளில் பின்தொடர்ந்த ஆய்வொன்று, ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஒற்றை மயக்கத்தால் ஐந்து வயதில் அறிவுத்திறனில் வேறுபாடு தெரியவில்லை என்று 2019இல் காட்டியதையும் சேர்த்துச் சொன்னால், பெற்றோர் அதைத் தாங்கிக்கொள்வார்கள். உண்மையைப் பகிர்ந்துகொண்டவரைத்தான் பின்னால் சிக்கல் வரும்போது நம்புவார்கள். என்ன சொல்கிறோம் என்பதோடு எந்தக் குரலில் சொல்கிறோம் என்பதும் இதில் சேரும். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவை மருத்துவர்கள் நோயாளிகளோடு பேசிய ஒலிப்பதிவுகளில் சொற்கள் விளங்காதபடி செய்து, குரலின் தொனி மட்டும் மதிப்பிடப்பட்டது. அதிகாரத் தொனி மிகுந்தவர்கள்மீது முன்பு வழக்குத் தொடரப்பட்டிருக்கும் வாய்ப்பு கூடுதலாகக் காணப்பட்டது.

குழந்தையிடம் பேசுவது தனிக் கலை. இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளை என்பதே புரியாது. அதற்குத் தேவை பழகிய முகமும் பழகிய போர்வையும். நான்கைந்து வயதில், தான் செய்த குறும்புக்குத் தண்டனையாகவே இந்த நோய் வந்ததென்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. இல்லை என்று நேரடியாகச் சொல்லிவிட வேண்டும். அந்த வயதுப் பிள்ளைக்கு, அறுவைக்குச் சில நாட்கள் முன்பு ஒரு பொம்மையின் வயிற்றில் கட்டுப் போட்டுக் காட்டி, மயக்க மருந்து கொடுக்கும் முகமூடியை விளையாடக் கொடுத்துப் பழக்கினால் போதும். பத்து வயதைத் தாண்டியவர் விவரம் கேட்பார்; பதின்வயதினர், பெற்றோர் இல்லாமல் தனியாகச் சில நிமிடங்கள் பேச விரும்புவார்கள், தழும்பைப் பற்றியும் உடலைப் பற்றியும் அவர்கள் கேட்க விரும்புவதை அம்மா முன்னால் கேட்க மாட்டார்கள். சட்டப்படி ஒப்புதல் தருவது பெற்றோராக இருக்கலாம். ஆனால் குழந்தையின் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தர வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை தன் 12ஆம் பிரிவில் கூறுகிறது. ஒன்றில் மட்டும் எந்த வயதிலும் விலக்கு இல்லை: வலிக்கும் ஒன்றை வலிக்காது என்று சொல்லக் கூடாது. ஒருமுறை பொய் சொல்லி ஊசி போட்டுவிடலாம். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை வெள்ளை அங்கி அணிந்த எவரையும் நம்பாது.

இந்தப் பயம் அரங்கின் கதவோடு முடிவதில்லை. 1996இல் வெளியான ஓர் ஆய்வில், மயக்க மருந்து பெற்று வீடு திரும்பிய குழந்தைகளில் 54 விழுக்காட்டினரிடம் இரண்டு வாரம் கழித்தும் கெட்ட கனவு, தனியே இருக்கப் பயம், படுக்கையை நனைத்தல் போன்ற நடத்தை மாற்றங்கள் ஏதேனும் இருந்தன. மயக்கம் கொடுக்கும் நேரத்துப் பதற்றம் மிகுதியாக இருந்தவர்களிடம் இவை கூடுதலாகத் தெரிந்தன. மயக்கம் கொடுக்கும் அறைக்குள் தாயை அனுமதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் ஒரு காலத்தில் நினைத்தோம். ஆய்வுகள் அவ்வளவு எளிதாக அதை ஆதரிக்கவில்லை. தாயே நடுங்கிக்கொண்டிருந்தால் குழந்தை மேலும் பயப்படும். முன்கூட்டியே தயார்செய்யப்பட்ட தாயோ தந்தையோ வரலாம். மிகவும் பயப்படும் குழந்தைக்கு மிடசோலம் என்ற மருந்தை அரை மணி நேரம் முன்பு வாய்வழியாகக் கொடுக்கலாம். யாருக்கு எது என்று குழந்தையைப் பார்த்து முடிவு செய்வதுதான் சரி. பட்டினி நேரமும் அப்படியே. திட உணவுக்கு ஆறு மணி நேரம் தேவை என்றாலும், தெளிந்த நீரை ஒரு மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் இப்போது சொல்கின்றன. அறுவைப் பட்டியல் தள்ளிப்போகும்போது வார்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்வதற்கு அரை நிமிடம்தான் ஆகும்.

அரங்குக்குள் போனபின் பரிவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். துணி போர்த்தி, வெட்ட வேண்டிய இடம் மட்டும் தெரியும்படி செய்வதே, கவனம் சிதறாமல் இருக்கத்தான். கண்ணீர் ததும்பும் கண்ணோடு யாரும் நுண்ணிய இரத்தக் குழாயைத் தைக்க முடியாது. நானும் அதை விரும்பவில்லை. ஆனால் பரிவு அங்கே வேறொரு வடிவில், முடிவுகளின் வடிவில் இருக்கிறது. தானே கரையும் தையலைத் தோலுக்குப் போட்டால், பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்கும் பயம் அந்தக் குழந்தைக்கு இல்லாமல் போகும். காயத்தை மூடுமுன் அதன் ஓரங்களில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினால், அது கண் விழிக்கும் முதல் சில மணி நேரம் எளிதாகும். வயிற்றில் தற்காலிக மலவழி அமைக்கும்போது, இடுப்புத் துணியின் மடிப்பு உரசாத, பை தட்டையாக ஒட்டும் இடத்தை முன்கூட்டியே குறித்து வைத்தால், தாய் ஒவ்வொரு நாளும் படும் பாடு பாதியாகும். இரைப்பையின் வாய் இறுகிய குழந்தைக்குத் தொப்புளின் மடிப்பிலேயே வெட்டினால் தழும்பு வளர்ந்த பின் தெரியாது. இரத்தப் பரிசோதனை, கட்டு மாற்றுதல், பற்களைப் பார்த்தல் என்று வேறு துறையினருக்குத் தேவையானவற்றையும் ஒரே மயக்கத்துக்குள் முடிக்க ஏற்பாடு செய்தால், குழந்தை இன்னொரு முறை முகமூடியைப் பார்க்க வேண்டியதில்லை. இவை எல்லாம் மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்குத் தெரியாமல், பெற்றோருக்கும் பெரும்பாலும் தெரியாமல் செய்யப்படுபவை. ஒரு மருத்துவரின் பரிவை நான் அளக்க வேண்டுமென்றால், அவர் பேசுவதைக் கேட்பதற்கு முன்பு இவற்றைத்தான் பார்ப்பேன்.

வெளியே காத்திருப்பவர்களை மறக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் என்று சொன்ன அறுவை நான்கு மணி நேரமானால், அந்தக் கூடுதல் இரண்டு மணி நேரத்தில் பெற்றோர் குழந்தையை மனத்துக்குள் பலமுறை இழந்துவிடுகிறார்கள். உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் நேரமாகிறது, குழந்தை நிலையாக இருக்கிறது என்று செவிலியர் ஒருவர் வெளியே வந்து சொன்னாலே போதும்.

சிக்கல் வந்த பிறகு மருத்துவர் நடந்துகொள்ளும் விதத்தில்தான் எல்லாம் வெளிப்படும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1984 முதல் 1995 வரை நடந்த குழந்தைகள் இதய அறுவை சிகிச்சைகளை விசாரித்த குழு 2001இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்கு உட்பட்டவர்களில் எதிர்பார்க்கத்தக்கதைவிட 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலாக இறந்ததாக அது மதிப்பிட்டது. அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் வேறு: அங்கே பணியாற்றியவர்கள் நோயாளிகளின் துன்பத்தில் அக்கறை இல்லாதவர்கள் அல்லர், அர்ப்பணிப்புடையவர்களே என்று அது சொல்கிறது. மனத்தில் அக்கறை இருந்தது. தம் முடிவுகளைத் தாமே கணக்கிட்டுப் பார்த்து, பிறர் சொன்ன எச்சரிக்கைக்குச் செவிசாய்த்து, பெற்றோரிடம் உண்மை நிலவரத்தைச் சொல்லும் ஏற்பாடு இல்லை. அதே ஆண்டில் லிவர்பூலின் ஆல்டர் ஹே மருத்துவமனை பற்றிய அறிக்கையும் வெளிவந்தது. இறந்த குழந்தைகளின் உறுப்புகள் பெற்றோருக்குத் தெரியாமலேயே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. விவரம் தெரிந்தபின் சில குடும்பங்கள் தம் குழந்தைக்கு மீண்டும் மீண்டும் இறுதிச் சடங்கு செய்ய நேர்ந்தது. ஆகவே பரிவை நான் உணர்ச்சி என்ற அளவில் நிறுத்த மறுக்கிறேன். பதிவேடு, தணிக்கை, இறப்புகளைப் பற்றிய வெளிப்படையான கூட்டம், அனுமதி கேட்கும் ஒழுங்கு ஆகியவையும் அதன் உறுப்புகள்.

பெற்றோர் சொல்வதைக் கேட்பதும் அவ்வாறே ஓர் ஒழுங்காக வேண்டும். சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்ட பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி 2021இல் இங்கிலாந்தில் இரத்தத்தில் பரவிய தொற்றால் இறந்தாள். நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னது உரிய கவனம் பெறவில்லை. முன்பே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று மரண விசாரணையில் தீர்மானிக்கப்பட்டது. அவள் பெயரால் 2024 முதல் அங்கே நடைமுறைக்கு வந்திருக்கும் மார்த்தா விதியின்படி, கவலைப்படும் குடும்பத்தினர் வேறொரு மருத்துவக் குழுவின் அவசர மறுபரிசீலனையைத் தாமே கோரலாம். குழந்தை எப்போதும் போல் இல்லை என்று தாய் சொன்னால், மானிட்டரில் எண்கள் சரியாக இருந்தாலும், போர்வையை விலக்கி வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

குணப்படுத்த முடியாத நேரங்களும் உண்டு. குடல் முழுவதும் அழுகிப்போன குறைமாதக் குழந்தையின் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, எதையும் வெட்டாமல் மூட நேர்ந்த நாளில், பெற்றோரைச் சந்திக்கப் பயிற்சி மருத்துவரை அனுப்பக் கூடாது. தனி அறையில், தொலைபேசியை அணைத்துவிட்டு, அமர்ந்து, அவர்கள் என்ன அறிந்திருக்கிறார்கள் என்று முதலில் கேட்டு, பிறகு சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னபின் பேச்சை நிறுத்த வேண்டும். அந்த மௌனத்தைப் புள்ளிவிவரங்களால் நிரப்பும் பழக்கம் மருத்துவர்கள் தம்மைக் காத்துக்கொள்ளச் செய்வது. பெற்றோருக்கு அதனால் பயனில்லை. எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று அவர்கள் கெஞ்சும்போது, குழந்தைக்கு வலியில்லாமல் பார்த்துக்கொள்வதும், குழாய்களை அகற்றி மடியில் கொடுப்பதும் அந்த எல்லாவற்றுக்குள் அடங்கும் என்று எடுத்துச் சொல்லலாம். இனி அறுவை செய்ய ஒன்றுமில்லை என்றான பின்பும் அறுவை மருத்துவர் தினமும் அந்தக் கட்டிலருகே வந்து நிற்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வராமல் போனால், தம் குழந்தை கைவிடப்பட்டது என்றே அவர்கள் அறிந்துகொள்வார்கள்.

இதைக் கற்பிக்க முடியுமா என்றால், முடியும். கெட்ட செய்தியைச் சொல்வதற்கான ஆறு படிகளை வகுத்த ஸ்பைக்ஸ் என்ற முறை 2000ஆம் ஆண்டில் புற்றுநோய் மருத்துவர்களுக்காக வெளியிடப்பட்டு, இன்று பல துறைகளில் பயிற்றுவிக்கப்படுகிறது. நடிகர்கள் பெற்றோராக அமர, பயிற்சி மருத்துவர் பேசிப் பழகுகிறார். முடிச்சுப் போடுவதைப் போல இதுவும் திரும்பத் திரும்பச் செய்தால் கைவரும். ஆனால் பெரும்பகுதி, மூத்தவரின் பின்னால் வார்டு சுற்றும்போது கண்ணால் கற்கப்படுகிறது. கட்டிலருகே குழந்தையைக் கடந்து மாணவரிடம் மட்டும் பேசும் மூத்தவரிடம் பயின்றவர் அதையே செய்வார். இரவுப் பணி முடிந்து தூங்காமல் மறுநாளும் நிற்கவைக்கப்படும் மருத்துவரிடம் பரிவை எதிர்பார்ப்பது கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருடைய பணி நேரத்தை ஒழுங்குபடுத்துவது நிர்வாகத்தின் கடமை. ஒரு குழந்தையின் மரணத்துக்குப் பின் அந்த மருத்துவரோடு அமர்ந்து பேச ஒருவர் இருக்க வேண்டும்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒரு பொறுப்பு. ஆசனவாய் இல்லாமல் பிறந்த குழந்தைக்கோ முதுகுத் தண்டு மூடாமல் பிறந்த குழந்தைக்கோ அறுவை ஒரே நாளில் முடிந்தாலும், மலம், சிறுநீர் அடக்கம், பள்ளியில் தோழர்களின் கேலி, பின்னாளில் திருமணம், மகப்பேறு என்று கேள்விகள் பல பத்தாண்டுகள் நீளும். அந்தப் பிள்ளை பதினாறு, பதினெட்டு வயதை எட்டும்போது குழந்தைகள் பிரிவின் கதவு மூடிவிடுகிறது. தன் உடலில் என்ன செய்யப்பட்டது என்பதைத் தானே சொல்லத் தெரியாமல் பெரியவர்களின் மருத்துவமனையில் போய் நிற்பவர்கள் பலர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்தே அவர்களிடம் நேரடியாகப் பேசத் தொடங்கி, செய்த அறுவைகளையும் எஞ்சியிருக்கும் உறுப்பமைப்பையும் தெளிவாக எழுதிய கடிதமொன்றை அவர்கள் கையிலேயே கொடுத்து, அவர்களை ஏற்கப்போகும் மருத்துவரோடு ஒரு முறையாவது சேர்ந்து அமர்ந்து பார்ப்பது, முதல் நாளில் அந்தக் குழந்தையை ஏற்றுக்கொண்ட அறுவை மருத்துவரின் கடமை.